ஆறாம் துணைத்தேற்றம்

ஜனவரி 9

இந்த டைரி பூங்கோதைக்கு வந்தது. என் மனைவி, மாநகராட்சிப் பள்ளியில் தலைமையாசிரியை. யாரோ கொடுத்தார்களாம். "எங்கிட்ட ஏற்கெனவே மூணு இருக்கு. நீங்க எழுதுங்க. கண்ட பேப்பர்ல கிறுக்கி வீடு முழுக்கப் போடுறதுக்கு இது மேல்" என்றாள்.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறது. நிரப்பினேன். பெயர்: சிற்சபேசன். வயது: 52. வேலை: கணிதப் பேராசிரியர், ஆய்வு நிறுவனம், சென்னை. ரத்த வகை தெரியவில்லை.

மொட்டைமாடி ஒழுகலைப் பார்க்க வருகிறேன் என்ற கொத்தனார் வரவில்லை.

ஜனவரி 17

ஹென்ரிக்கிடமிருந்து மின்னஞ்சல். ஐரோப்பாவிலிருந்து வரும் ஓர் ஆய்விதழின் ஆசிரியர் அவர். ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்கிறார். எழுதியவர் ரோசலின் மச்சாது, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரி. நான் கேள்விப்படாத பெயர். தலைப்பைப் பார்த்தேன். என் 2011 தேற்றத்துக்கு எதிர் எடுத்துக்காட்டு, அதாவது அது பொய்த்துப்போகும் ஓர் இடம், இருக்கிறது என்கிறது.

"உங்கள் தேற்றத்தைப் பற்றியது என்பதால் சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள், வேறு ஆளைப் பார்க்கிறேன். ஆனால் உங்களைவிடத் தெரிந்தவர் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

சங்கடம் எதுவும் இல்லை என்று பதில் போட்டேன். இப்படிக் கட்டுரைகள் வருஷத்துக்கு ஒன்று வரும். ஏதாவது ஒரு பக்கத்தில் ஏதாவது ஒரு வரி தவறாக இருக்கும்.

ஜனவரி 22

ஞாயிறு. பூங்கோதை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "என்ன ஒரு வாரமா அந்தத் தாளையே வச்சிட்டுச் சுத்துறீங்க?" என்றாள். இருபத்து நான்கு வருஷத்தில் அவள் என் வேலையைப் பற்றிக் கேட்டது நாலைந்து முறை இருக்கும். சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு ஊர்னு வச்சுக்கோ. தெருவுக்கு முடிவே கிடையாது. எந்த முச்சந்தியில நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். நாங்க கணக்குல குலம்னு சொல்றதை இப்படி ஊரா வரைஞ்சு பாக்கலாம். அதுல திரும்பாம நடந்துகிட்டே இருந்தா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு திசையில தொலைஞ்சு போவாங்க. அந்தத் திசைகளையெல்லாம் சேர்த்தா வர்றதுதான் எல்லை."

"சரி."

"அந்த எல்லை ஒரே துண்டா இருக்கா, சிதறிக் கிடக்கான்றது கேள்வி."

"ஒரே துண்டா இருந்தா?"

"அப்போ அடுத்த கேள்வி. அதுல ஒரு புள்ளியிலேர்ந்து இன்னொரு புள்ளிக்குப் பாதை இருக்கா?"

"ஒரே துண்டுன்னா பாதை இல்லாம எப்படி?"

"எல்லா இடத்துலயும் அப்படிச் சொல்ல முடியாது. ஒட்டிக்கிட்டே இருக்கும், ஆனா போய்ச் சேர முடியாது. அப்படியும் உருவங்கள் உண்டு. ஆனா ஒரு குறிப்பிட்ட வகைக் குலங்கள்ல அந்த மாதிரி நடக்கவே நடக்காது, பாதை கண்டிப்பா இருக்கும்னு நிரூபிச்சது நான்."

"இந்தப் பொண்ணு இல்லைங்குதா?"

"ஆமா."

"இருக்கா, இல்லையா?"

பீன்ஸ் நார் தரையில் விழுந்திருந்தது. பொறுக்கிப் போட்டேன்.

பிப்ரவரி 3

கட்டுரையை முழுக்கப் படித்தேன். ஆங்கிலம் சுமார். படங்கள் கையால் வரைந்து ஸ்கேன் செய்தவை. நாற்பத்தொரு பக்கம் தேவையே இல்லை, இருபத்தைந்தில் சொல்லலாம். இவரை யார் வழிநடத்தினார்கள் என்று தெரியவில்லை. நன்றியுரையில் எந்தப் பேராசிரியர் பெயரும் இல்லை. கல்லூரி நூலகருக்கு மட்டும் ஒரு நன்றி.

பிப்ரவரி 11

இன்னும் தவறு கிடைக்கவில்லை. கிடைக்கும்.

மார்ச் 2

கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை, முதல் நாள். பாதி முகம் மரத்துப்போய்க் கிடந்ததால் கருத்தரங்குக்குப் போகவில்லை. நல்லதாகப் போயிற்று. பிஎச்.டி. மாணவர்கள் 2011 தேற்றத்தை வைத்து ஏதோ பேசுவதாக இருந்தார்கள்.

மார்ச் 20

ஹென்ரிக் நினைவூட்டினார். தேர்வுப் பணி அதிகம், ஆறு வாரம் வேண்டும் என்று எழுதினேன். எங்கள் நிறுவனத்தில் இப்போது தேர்வு எதுவும் இல்லை. ஆனால் பல் வலி இருக்கிறது.

ஏப்ரல் 14

விடுமுறை. பூங்கோதை பரணைச் சுத்தம் செய்யச் சொன்னாள். பழைய நோட்டுகள் இரண்டு அட்டைப்பெட்டி. 2014-இல் ஒரு பயிலரங்குக்காக என் தேற்றத்தை விரிவாக எழுதி வைத்த நோட்டும் இருந்தது. நிரூபணத்தின் ஒரு படியான ஆறாம் துணைத்தேற்றம் வரும் பக்கத்தில், கடைசி வரியின் ஓரத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதன் கீழே இரண்டு முறை அடிக்கோடு.

யார் போட்டது என்று நினைவில்லை.

நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் கட்டோடு சேர்த்து வைத்தேன். பிறகு எடுத்து மேசைக்குள் வைத்தேன்.

மே 5

அறிக்கை அனுப்பியாயிற்று. ஒன்றரைப் பக்கம். கண்ணியமாகவே எழுதியிருக்கிறேன். மதிப்பீட்டாளர் யார் என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். கொத்தனார் வந்தார். தளத்தைக் கொத்திவிட்டு, நாளை வருகிறேன் என்று போய்விட்டார்.

மே 12

ஹென்ரிக் நன்றி சொல்லியிருக்கிறார். வேறு மதிப்பீட்டாளர் அமையவில்லை, என் அறிக்கையை மட்டும் வைத்துக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

மே 13

என் அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்னொருவர் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் 26

பல்லுக்குத் தொப்பி போட்டாயிற்று. தளம் முடிந்தது. மழை பெய்தால்தான் தெரியும்.

ஆகஸ்ட் 17, திருநெல்வேலி

கல்லூரி ஆசிரியர்களுக்கான இரண்டு வாரப் புத்தொளிப் பயிற்சியில் மூன்று நாள் சொற்பொழிவு. ஐந்து மாதம் முன்பே ஒப்புக்கொண்டது. நாற்பது பேர் இருந்தார்கள். கையெழுத்துத் தாள் என் மேசைக்கு வந்தபோது பதினொன்றாவது பெயர்: ம. ரோசலின் மச்சாது.

அதன்பிறகு வகுப்பு எப்படிப் போனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, திருநெல்வேலி

இன்று 2011 தேற்றம். தலைப்பை மாற்றியிருக்கலாம். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்று மாற்றவில்லை.

கரும்பலகையில் ஆறாம் துணைத்தேற்றத்தை எழுதி முடித்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. உயரமான பெண், சாம்பல் நிறச் சேலை, மூக்குக்கண்ணாடி.

"சார், அந்தக் கடைசி வரி எப்படி வருதுன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?"

"அது முந்தைய வரியிலேர்ந்து நேரா வருது."

"முந்தின வரி ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாத்தானே சார் சொல்லுது? எல்லாத்துக்கும் ஒண்ணு போல வேணும்லா?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். "நல்ல கேள்வி. தேநீர் இடைவேளையில பேசுவோமே" என்றேன். யாரோ சிரித்தார்கள். அவர் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

தேநீர் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்கும் சேர்த்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் நின்றோம்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க தேற்றத்துக்கு எதிரா எங்கிட்ட ஒரு எடுத்துக்காட்டு இருக்கு. ஆறு வருஷமாப் பாக்கேன். வகுப்பு வாரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம், மீதி நேரத்துலதான். ஒரு ஜர்னலுக்கு அனுப்புனேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

இதை நான்தான் கேட்டேன்.

"பதினேழாம் பக்கத்துல, அந்தக் குலத்தோட எல்லை ஒரே துண்டுன்னு நான் நிரூபிக்கலையாம். அது ஒம்பதாம் பக்கத்துலயே இருக்கு சார். அந்த ஆளு ஒம்பதாம் பக்கத்தப் படிக்கவே இல்ல."

"ஆசிரியருக்கு எழுதியிருக்கலாமே."

"எழுதுனேன். மதிப்பீட்டாளர் இந்தத் துறையில பெரியவர், அவர் கருத்த மீற முடியாதுன்னு பதில் வந்துச்சு." டீயை ஒரு மிடறு குடித்தார். "போலந்துல ரெண்டு வருஷம் ஆராய்ச்சி வேலை ஒண்ணு இருந்துச்சு சார். ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள ஒரு பேப்பராவது ஏத்துக்கிட்டாங்கன்னு காட்டணும். முப்பத்தாறு வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்க. எனக்கு அடுத்த மாசம் முப்பத்தாறு முடியுது. சரி, அது போச்சு. பேப்பராவது நிக்கணும்லா. நீங்க ஒரு தடவை பாருங்க சார். உங்க தேற்றம்தான், எனக்குத் தெரியுது. ஆனாலும் நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்க கேப்பாங்க."

தோள்பையிலிருந்து கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். நாற்பத்தொரு பக்கம். நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். முதல்முறை பார்ப்பவனைப் போல ஒரு படத்தில் நின்று, "இது என்ன?" என்று கேட்டேன். அவர் விளக்கினார். தலையாட்டினேன். இன்னொரு படத்திலும் கேட்டேன்.

"ஊருக்குப் போய்ப் பாக்கிறேன்" என்றேன்.

"ரொம்ப நன்றி சார்" என்றார். காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தார்.

ஆகஸ்ட் 19

மூன்றாம் நாள் வகுப்பை எடுக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பகல் ரயிலில் கிளம்பிவிட்டேன். வயிறு சரியாகத்தான் இருந்தது. பெட்டியில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பென்சில் கேள்விக்குறி என்னுடையது. அந்த நோட்டு என் கையைவிட்டு எங்கும் போனதில்லை. 2014-இல் ஒன்றரை நாள் அந்தக் கடைசி வரியோடு உட்கார்ந்தேன். வரவில்லை. எப்படியும் சரிசெய்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டு பயிலரங்குக்குப் போய், "இது தெளிவு" என்று பலகையில் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் பதவி உயர்வு வந்தது. பயிலரங்குக்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

ஒன்பதாம் பக்கத்தையும் படித்தேன். பிப்ரவரியிலேயே படித்தேன். அது அழகான நிரூபணம். எனக்குத் தோன்றியிருக்காது. பதினேழாம் பக்கத்தில் அதைப் பார்க்கச் சொல்லி ஒரு குறிப்பு எழுத அவர் மறந்திருந்தார், அவ்வளவுதான். அந்த மறதியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கண்ணியமாக.

ஆகஸ்ட் 20

காலையில் பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோசைக் கல்லை இறக்கி, அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"யார்கிட்டயாவது…"

"யார்கிட்டயாவதுன்னா சாமிகிட்டச் சொல்லுங்க. அதுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல." அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். "எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர், ஒரு பிள்ளையோட விடைத்தாளைத் தொலைச்சிட்டு, அந்தப் பிள்ளை பரீட்சை எழுதவே இல்லன்னு சொன்னாங்க. மெமோ குடுத்தேன். உங்ககிட்டதான் வந்து சொன்னேன், ஞாபகம் இருக்கா? என்ன ஜென்மமோன்னு நீங்கதான் சொன்னீங்க."

தோசையைத் தட்டில் போட்டாள். நான் தொடவில்லை. அவளும் சாப்பிடாமல் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பள்ளி இல்லை என்பது அவள் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. சாயங்காலம்தான் வந்தாள்.

ஆகஸ்ட் 22

ஹென்ரிக்குக் கடிதம். ஏழு முறை எழுதினேன். முதல் ஆறிலும் "கவனக்குறைவு" என்ற சொல் இருந்தது. ஏழாவதில் அதை எடுத்துவிட்டு, கட்டுரை சரி என்று தெரிந்தேதான் நிராகரிக்கச் சொன்னேன் என்று எழுதினேன். அனுப்பியதும் எழுந்து போய் முகம் கழுவினேன்.

ஆகஸ்ட் 25

நாலு வரிப் பதில். கட்டுரையை மறுபடி எடுத்துக்கொள்கிறார். வேறு இருவருக்கு அனுப்புகிறார். இனி அந்த இதழுக்கு நான் மதிப்பீடு செய்ய வேண்டியதில்லை. இத்தனை வருஷமாகப் பெயர் சொல்லித் தொடங்குபவர் இந்த முறை "பேராசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கியிருக்கிறார்.

செப்டம்பர் 4

என் தேற்றத்துக்குத் திருத்தக் குறிப்பு எழுதி இணையத்தில் போட்டேன். நான்கு பக்கம். ஆறாம் துணைத்தேற்றம் தவறு. 2011 தேற்றம் அப்படியே நிற்காது. கூடுதலாக ஒரு நிபந்தனை போட்டால் ஒரு சிறு பகுதி தப்பிப் பிழைக்கும். எதிர் எடுத்துக்காட்டு ரோசலின் மச்சாதுவுடையது என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறேன்.

அறிக்கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திருத்தக் குறிப்பில் அதெல்லாம் எழுதும் வழக்கம் இல்லை.

செப்டம்பர் 6

தேநீர் அறையில் இயக்குநர் நாச்சியப்பன் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். "பதவி, பேர் எல்லாம் வந்த பிறகு, ஒருத்தர் தானா முன்வந்து, என் தேற்றம் தப்புன்னு சொல்றார். நம்ம பசங்க இதைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார். என்னிடம் பிஎச்.டி. செய்யும் ஒரு மாணவி கை தட்டினாள். இன்னும் சிலர் தட்டினார்கள்.

நான் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். அது உடைந்து உள்ளே விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

கை தட்டிய அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 9, தூத்துக்குடி

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். "டீ மட்டும் நேர்ல நின்னு வாங்கிக் குடுத்தீங்க" என்றாள் பூங்கோதை. அவளே டிக்கெட் போட்டாள். கூட வரவில்லை.

சனிக்கிழமையும் கல்லூரி இருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் ரோசலின் முகம் மலர்ந்தது. திருத்தக் குறிப்பைப் படித்திருந்தார்.

"வாங்க சார்! சொல்லியிருந்தா ஸ்டேஷனுக்கே வந்திருப்பேனே. அந்தக் குறிப்பை நம்ம பிள்ளைங்ககிட்டக் காட்டுனேன் சார். ஜர்னல்லயும் மறுபடி பாக்காங்களாம், மெயில் வந்துச்சு. நீங்க சொல்லித்தானே?"

துறை அறையில் இரண்டு நாற்காலி. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. நின்றுகொண்டே சொன்னேன்.

"அந்த அறிக்கையை எழுதினது நான்தாம்மா."

அவருக்குப் புரியவில்லை. "எந்த அறிக்கை சார்?"

"பதினேழாம் பக்கம். ஒம்பதாம் பக்கத்தை நான் படிச்சிருந்தேன். சரின்னு தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்."

வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் சத்தமாகப் படியிறங்கிப் போனார்கள்.

"வேப்பமரத்துக்கிட்ட நான் குடுத்தப்போ… பாத்திருந்தீங்களா?"

"ஆமா."

"ரெண்டு படத்துல சந்தேகம் கேட்டீங்களே."

"ஆமா."

"நான் விளக்கிக்கிட்டு இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த ஆள எத்தன நாள் ஏசியிருக்கேன் தெரியுமா சார்? ஆனா படிக்காதவன்னுதான் ஏசுனேன். படிச்சிட்டு ஒரு மனுஷன் இப்படிச் செய்வான்னு எனக்குத் தோணவே இல்ல. அம்மாகூடச் சொன்னா, வேணும்னே செஞ்சிருப்பாங்கன்னு. இல்லம்மா, கணக்குல அப்படியெல்லாம் கிடையாதுன்னு அவகிட்டச் சண்டை போட்டேன்."

"மன்னிப்பு கேக்கத்தான்…"

"கேட்டுட்டீங்க. இப்ப உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும். போலந்து வேலைக்கு வேற ஆள் போயாச்சு சார். நான் என்ன செய்ய?"

வேறு இடங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று ஏதோ தொடங்கினேன்.

"உங்க கடிதம் வேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சுண்ணக்கட்டி டப்பாவை எடுத்துக்கொண்டார். "எனக்கு வகுப்பு இருக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வாசல்லயே கிடைக்கும்."

ஆட்டோ ஏறவில்லை. வெயிலில் நடந்தேன்.

செப்டம்பர் 11

நாச்சியப்பன் அறைக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். "இதை நீங்க எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் கடைசியில்.

"தேநீர் அறையில எல்லாருக்கும் சொல்லணும் சார். கை தட்டினாங்க."

"சிற்சபேசன், வேண்டாம். நிறுவனத்துக்குக் கெட்ட பேர்."

மூன்றரை மணிக்குச் சொன்னேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அன்றைக்குக் கை தட்டிய மாணவி தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அக்டோபர் 3

மாணவர் சேர்க்கைக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அந்த மாணவி வழிகாட்டியை மாற்றிக்கொண்டாள். நல்லபடியாகவே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 19

மழை. மாடி ஒழுகவில்லை. பூங்கோதை இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பள்ளியில் கழிவறைக் கதவு உடைந்தது பற்றி ரொம்ப நேரம் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 15

ரோசலின் மச்சாதுவின் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று இதழின் இணையப் பக்கத்தில் பார்த்தேன். வாழ்த்து எழுதத் தொடங்கி, அழித்தேன். என் வாழ்த்து அவருக்கு எதற்கு?

டிசம்பர் 2

காலையில் மின்னஞ்சல். தூத்துக்குடியிலிருந்து. வணக்கம், நலம் எதுவும் இல்லை.

"உங்கள் திருத்தக் குறிப்பு, மூன்றாம் பக்கம், கீழிருந்து எட்டாவது வரி. தப்பிப் பிழைக்கும் என்று நீங்கள் சொல்லும் அந்தச் சிறு பகுதியும் இப்படி வராது. இதைச் சரிசெய்ய முடியுமா என்று நீங்கள் பார்க்கிறீர்களா, நான் பார்க்கட்டுமா? — ரோ. மச்சாது."

தாளை எடுத்து உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம், சொன்னால் வெட்கம், அவர் தவறாக இருக்க வேண்டும் என்றுதான் தேடினேன். பிறகு அதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தேன். பதினொன்றரைக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கள் சொல்வது சரி. என் வரி தவறு. நீங்களே பாருங்கள்" என்று எழுதினேன். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் அனுப்பினேன்.